ஐம்பத்தெட்டு வயதில் கோல்ஃப்: மட்டை தரையைத் தொடும் இடம்

கேள்வி: கோவையில் பம்ப் தயாரிக்கும் தொழிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வயது 58. பள்ளியிலும் கல்லூரியிலும் பூப்பந்து ஆடியிருக்கிறேன். அதற்குப் பிறகு விளையாட்டு என்று எதுவும் இல்லை. ஒன்றரை ஆண்டுக்கு முன் நண்பர்களின் தூண்டுதலால் கோல்ஃப் கற்கத் தொடங்கினேன். மருமகன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து கொடுத்த மட்டைகளை வைத்துக்கொண்டு வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நூறு பந்து என்று ரேஞ்சில் பயிற்சி செய்கிறேன். அங்கே செயற்கைப் புல் விரிப்பின் மேல் பத்துக்கு ஆறு பந்து நன்றாகவே போகிறது. மைதானத்தில் இறங்கினால் ஒன்று மட்டை பந்துக்குப் பின்னால் மண்ணில் புதைகிறது, இல்லையென்றால் பந்தின் தலையில் தட்டி அது தரையோடு உருண்டு ஓடுகிறது. தலையைத் தூக்காதே என்கிறார் ஒருவர், இடக்கையை மடக்காதே என்கிறார் இன்னொருவர். எனக்குச் சர்க்கரை உண்டு. நான்கு ஆண்டுக்கு முன் இடது தோள் இறுகிப்போய்ச் சிகிச்சை பெற்றேன்; இன்னும் முழு அசைவு திரும்பவில்லை. இந்த வயதில் பந்தைச் சுத்தமாக அடிக்கக் கற்றுக்கொள்ள முடியுமா? மே மாதம் ஊட்டியில் ஆட அழைத்திருக்கிறார்கள். அதற்குள் ஏதேனும் செய்ய இயலுமா?

பதில்:

அன்புள்ள ஐயா,

மண்ணில் புதைவது, தலையில் தட்டுவது என இரண்டு குறைகளை எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்தவரையில் எனக்கு அதில் ஒரே குறைதான் தெரிகிறது. மட்டை தன் வட்டப்பாதையின் ஆகக் கீழான புள்ளியைப் பந்துக்குப் பின்னாலேயே அடைந்துவிடுகிறது. அந்த இடத்தில் மண் குறுக்கிட்டால் மட்டை புதைகிறது. மண்ணை மயிரிழையில் தப்பினால், அங்கிருந்து மேலேறத் தொடங்கிவிட்ட மட்டையின் கீழ்விளிம்பு பந்தின் இடுப்பிலோ தலையிலோ இடிக்கிறது. ஆகவே ஒரு பந்து புதைந்ததும் அடுத்த பந்துக்கு உடம்பைச் சற்று உயர்த்திக்கொள்வதும், அது தலையில் பட்டதும் மூன்றாவது பந்துக்குக் குனிந்துகொள்வதும் பயன் தராது. நீங்கள் உயரத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறீர்கள். பிழையோ நீளவாக்கில் இருக்கிறது.

விரிப்பின் மேல் நன்றாகப் போகும் பந்து புல்லின் மேல் ஏன் போவதில்லை என்பதற்கும் இதுவே விடை. விரிப்புக்குக் கீழே இருப்பது பெரும்பாலும் சிமெண்டுத் தளம். மட்டை பந்துக்கு நான்கைந்து செ.மீ. பின்னால் இறங்கினாலும் அங்கே அது புதைய வழியில்லாமல் வழுக்கிக்கொண்டு முன்னால் போய்ப் பந்தை எடுத்துவிடும். பந்தும் ஏறக்குறைய நேராகவே பறக்கும். அதே அடியை ஈரப் புல்லில் அடித்தால் மட்டை மண்ணைத் தோண்டி நின்றுவிடும், பந்து இருபது அடி நகரும். நீங்கள் எண்ணிய அந்தப் பத்துக்கு ஆறில் மூன்றாவது புல்லில் புதைந்திருக்க வேண்டிய அடிகள் என்பது என் ஊகம். ஒன்றரை ஆண்டாக விரிப்பு உங்கள் பிழையைப் பிழையென்றே காட்டாமல் மறைத்துவந்திருக்கிறது. அதைவிட, சிமெண்டின் மேல் நாளுக்கு நூறு முறை தட்டுவது உங்கள் முழங்கைக்கு நல்லதில்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பொறியாளரான உங்களுக்குக் கவராயத்தை நினைவூட்டினால் போதும். நீங்கள் வலக்கைப் பழக்கம் உடையவர் என்று கொள்கிறேன். இடது தோள்மூட்டு ஊசிமுனை, இடக்கையும் மட்டையும் சேர்ந்து ஆரம், மட்டைத்தலை பென்சில். ஊசி எங்கே ஊன்றியிருக்கிறதோ அதற்கு ஏறக்குறைய நேர் கீழேதான் வட்டத்தின் அடிப்புள்ளி விழும். தேர்ந்த ஆட்டக்காரர் அயர்ன் என்னும் உலோகத் தலை மட்டையால் அடிக்கையில் அந்த அடிப்புள்ளி பந்து இருக்கும் இடத்திலிருந்து இலக்குப் பக்கமாக ஏறத்தாழ 10 செ.மீ. தள்ளி அமைகிறது. மட்டை கீழிறங்கிக்கொண்டிருக்கும்போதே பந்தைச் சந்திக்கிறது. பந்து கிளம்பிய பிறகுதான் புல் பெயர்கிறது. தொலைக்காட்சியில் பார்க்கும்போது பெயர்ந்த புல்திட்டை, அதாவது டிவட்டைக் கவனியுங்கள்: பந்து இருந்த இடத்துக்கு அப்பால்தான் அது தொடங்கும். இந்த அடிப்புள்ளி பின்னுக்குப் போவதற்கு இரண்டு காரணங்களே இருக்க முடியும். ஒன்று, ஊசிமுனை பின்னால் நகர்கிறது, அதாவது அடிக்கும் கணத்தில் உங்கள் எடை வலது காலிலேயே தங்கி, மேலுடம்பு இலக்கை விட்டு விலகிச் சாய்கிறது. இரண்டு, ஆரம் நடுவில் உடைகிறது, அதாவது இடது மணிக்கட்டு பின்பக்கமாக மடங்கி, மட்டைத்தலை கைகளை முந்திக்கொண்டு மேலேறுகிறது. தாமதமாகத் தொடங்குபவர்களில் பெரும்பாலோரிடம் இந்த இரண்டும் சேர்ந்தே இருக்கும். இரண்டுக்கும் வேர் ஒன்றே என்பதால்தான் அப்படி.

அந்த வேர், பந்தைத் தூக்க வேண்டும் என்ற ஆசை. பந்து தரையில் கிடக்கிறது, அது போக வேண்டிய இடமோ வானத்தில் இருக்கிறது. ஆகவே அடியில் கையைக் கொடுத்து எடுத்துவிட வேண்டும் என்று மனம் கேட்காமலே முடிவு செய்துகொள்கிறது. உங்களுக்கு இந்தப் பழக்கம் இருமடங்கு ஊறியிருக்கும். தஞ்சாவூர் அரண்மனையில் தொடங்கியதாகச் சொல்லப்படும் நம் பூப்பந்தில் கம்பளிப் பந்து தரையைத் தொட்டுவிடக் கூடாது. தாழ்ந்து வரும் பந்துக்கு அடியில் மட்டையைக் கொடுத்து, மணிக்கட்டைச் சொடுக்கி வலைக்கு மேலே எடுத்துவிடுவதுதான் அதன் கைத்திறன். பதினைந்து வயதில் உடம்பு கற்றுக்கொண்டதை ஐம்பத்தெட்டு வயதிலும் அது மறப்பதில்லை. அந்தச் சொடுக்கு கோல்ஃபுக்கு முழுதும் வீண் என்று சொல்லமாட்டேன். கிரீனுக்கு, அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைக்கு, அருகே மணலிலிருந்து பந்தை எடுக்கையில் என்றாவது அது உங்களுக்குக் கைகொடுக்கும். செவன் அயர்னோடு, அதாவது ஏழாம் எண் அயர்னோடு, அதைக் கலக்கும்போதுதான் வம்பு. (எண் கூடக்கூட மட்டையின் முகம் அதிகம் சாய்ந்திருக்கும், பந்து போகும் தூரம் குறையும்.)

பந்தைத் தூக்கும் வேலையை மட்டை தானே செய்துகொள்கிறது. இன்றைய செவன் அயர்னின் முகம் பெரும்பாலும் 30 பாகையை ஒட்டிப் பின்னால் சாய்ந்திருக்கிறது. அமெரிக்கத் தொழில்முறை ஆண்கள் அந்த மட்டையைச் சராசரியாக 4 பாகை அளவுக்குக் கீழ்நோக்கிச் செலுத்துகிறார்கள். பந்தோ ஏறத்தாழ 16 பாகையில் மேல்நோக்கிக் கிளம்பி, நிமிடத்துக்கு 7,000 சுற்று வேகத்தில் பின்சுழன்றுகொண்டே போகிறது. அந்தச் சுழற்சியும் பந்தின் மேலுள்ள குழிகளும் சேர்ந்து காற்றில் அதை மேலும் ஏற்றுகின்றன. மட்டையும் பந்தும் ஒட்டியிருக்கும் நேரத்தை அளந்தால், ஒரு நொடியை இரண்டாயிரம் கூறாக்கி அதில் ஒரு கூறு. அந்த நேரத்துக்குள் மணிக்கட்டு எதையும் ‘செய்ய’ முடியாது. கை செய்வதெல்லாம் அதற்கு முன்பே முடிந்துவிட்டிருக்கும். நீங்கள் எடுக்க முயலும்போது நடப்பது ஒன்றே: மட்டையின் கீழ்விளிம்பு மேலேறுகிறது, பந்து கீழே போகிறது.

இனி மருந்துக்கு வருவோம். முதல் பத்து நாளுக்குப் பந்தையே தொடாதீர்கள் என்று சொன்னால் வருத்தப்படுவீர்கள், ஆனாலும் அதைத்தான் சொல்கிறேன். வீட்டில் கோலமாவு இருக்கும். கல் இல்லாத ஒரு காலிமனையிலோ புல்தரையிலோ, இலக்குத் திசைக்குக் குறுக்காக ஐந்தடி நீளத்துக்கு ஒரு கோடு இழுங்கள். அந்தக் கோடு உங்கள் இரு பாதங்களுக்கும் சரிநடுவே வருமாறு நின்றுகொண்டு, நைன் அயர்னை எடுத்து, கைகள் இடுப்புயரத்தைத் தாண்டாத அரை வீச்சில் வீசுங்கள். மட்டை தரையை எங்கே உரசுகிறது என்பதை மட்டும் பாருங்கள். உரசல் கோட்டில் தொடங்கி இலக்குப் பக்கமாகப் போக வேண்டும். கோட்டுக்குப் பின்னால் மண் கிளம்பினால் அது புதைந்த அடி. தரையையே தொடாமல் போனால் அது தலையில் தட்டிய அடி. ஒவ்வொரு வீச்சுக்கும் கோட்டின் வழியே அரையடி நகர்ந்துகொள்ளுங்கள்; பத்து வீச்சு முடிந்ததும் உங்கள் பத்து உரசல்களும் வரிசையாகத் தரையில் கிடக்கும். பணிமனையில் அளவுகோல் வைத்து அளந்த கண் உங்களுக்கு. சிதறலைப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்வீர்கள்.

முதல் நாள் உரசல்கள் கோட்டுக்கு நான்கு விரற்கடை பின்னால் இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். அவற்றைக் கையால் முன்னுக்குத் தள்ளப் பார்க்காதீர்கள். வீசத் தொடங்கும் முன்பே உடல் எடையில் முக்கால் பங்கை இடது காலில் வைத்துக்கொண்டு, வீச்சு முடியும்வரை அதை அங்கேயே விட்டுவிடுங்கள். சட்டைப் பொத்தான் வரிசை கோட்டுக்கு நேராகவோ அதற்குச் சற்று இலக்குப் பக்கமாகவோ இருக்க வேண்டும். வீச்சின் முடிவில் வலது குதிகால் தானாகவே தூக்கி, வலது கட்டைவிரல் மட்டும் தரையில் ஊன்றி நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கவில்லையென்றால் எடை பின்னுக்குத் திரும்பிவிட்டது என்று பொருள். மணிக்கட்டைப் பற்றி ஒன்றே ஒன்று: அரை வீச்சில் மட்டை தரையை உரசிக்கொண்டு கோட்டைத் தாண்டும்போது இடது புறங்கை இலக்கைப் பார்த்தபடி தட்டையாக இருக்க வேண்டும், வானத்தைப் பார்க்கக் கூடாது. இருபது வீச்சில் பதினைந்து கோட்டின் சரியான பக்கத்தில் விழத் தொடங்கிய பிறகு கோட்டின் மேல் ஒரு பந்தை வையுங்கள். வைத்த அந்தக் கணமே பழைய ஆசை திரும்பி வரும்; முதல் ஐந்து பந்தும் கெடும். கெட்டால் பந்தை எடுத்துவிட்டு மீண்டும் வெறுங்கோட்டுக்கே போங்கள்.

விரிப்பின் மேல் பயிற்சி செய்தே ஆகவேண்டிய நாட்களில் பந்துக்குப் பின்னால் பன்னிரண்டு செ.மீ. தள்ளி ஒரு துண்டை மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள். மட்டை துண்டில் பட்டால் அந்த அடி எவ்வளவு நேராகப் பறந்திருந்தாலும் கணக்கில் சேராது. கூடவே வெண்பலகையில் எழுதும் மார்க்கர் ஒன்றைப் பையில் வையுங்கள். பந்தில் மிளகு அளவுக்கு ஒரு புள்ளி இட்டு, அந்தப் புள்ளி மட்டையைப் பார்க்குமாறு வைத்து அடித்தால், அது மட்டையின் முகத்தில் ஒட்டிக்கொண்டு எங்கே பட்டது என்று காட்டிவிடும். துணியால் துடைத்தால் போய்விடும். புள்ளி மட்டைமுகத்தின் குதிப் பக்கமாகவே, அதாவது தண்டை ஒட்டியே, விழுந்துகொண்டிருந்தால் நீங்கள் வீச்சின் நடுவில் பந்தை நோக்கிச் சரிகிறீர்கள். நுனிப் பக்கமாகவே விழுந்தால் கைகளை உள்ளே இழுத்துக்கொள்கிறீர்கள் அல்லது பந்தைவிட்டுத் தள்ளி நிற்கிறீர்கள். இதை ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் போதும். இரண்டையும் ஒரே வாரத்தில் திருத்த முனைய வேண்டாம்.

தலையைத் தூக்காதே என்ற அறிவுரை கோல்ஃப் மைதானங்களில் இலவசமாகக் கிடைப்பது. சொல்கிறவர் கண்ணுக்கு அது உண்மையாகவே தோன்றுகிறது. பந்து தலையில் தட்டுப்படும்போது ஆடுபவரின் தலை உயர்வதை அவர் பார்க்கிறார். ஆனால் காரணத்தையும் விளைவையும் அவர் மாற்றிப் பிடிக்கிறார். எடை பின்னால் தங்கிவிட்டால் மட்டை பந்துக்கு முன்பே மண்ணில் மோதப்போகிறது என்பது உங்கள் உடம்புக்குத் தெரியும்; அதைத் தவிர்க்கவே முதுகு நிமிர்கிறது, முதுகோடு தலையும் ஏறுகிறது. தலையை மட்டும் இறுக்கிப் பிடித்தால் அடுத்த பந்து புதையும், அவ்வளவுதான். பெண்கள் ஆட்டத்தில் 10 பெரும்போட்டிகளை வென்ற சுவீடனின் அன்னிகா சோரன்ஸ்டாமும், 2001இல் பிரிட்டிஷ் ஓப்பனை வென்ற டேவிட் டுவாலும் மட்டை பந்தைச் சேரும் கணத்திலேயே முகத்தை இலக்குப் பக்கம் திருப்பிவிடுவதற்குப் பெயர்போனவர்கள். அவர்களுடைய பந்து தரையோடு உருளவில்லை.

இடக்கையைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் உங்கள் தோள் இறுகிய வரலாற்றை நீங்கள் கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் குறிப்பிட்டிருந்தாலும் அதுவே உங்கள் ஆட்டத்தின் வடிவத்தை முடிவு செய்யப்போகிறது. சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள்பட்டை இறுக்கம் வருவது அரிதில்லை. வந்துபோன பிறகும் கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோகும் அசைவு முழுதாகத் திரும்பாமல் இருப்பதும் உண்டு. அப்படிப்பட்ட தோளை வைத்துக்கொண்டு இடக்கையை நேராக நீட்டி உச்சிவரை ஏற்றுவதற்கு ஒரே வழி, முதுகெலும்பை இலக்குப் பக்கமாகச் சாய்த்துக்கொள்வதுதான். பின்வீச்சில் இலக்குப் பக்கம் சாய்ந்த உடம்பு முன்வீச்சில் மறுபக்கம் விழும். எடை வலது காலில் தங்குகிறது என்று மேலே சொன்னேனே, அது பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. நண்பரின் அறிவுரையை நீங்கள் எவ்வளவு உண்மையாகப் பின்பற்றினீர்களோ அந்த அளவுக்கு மண்ணைத் தோண்டியிருக்கிறீர்கள்.

கால்வின் பீட் என்ற அமெரிக்க ஆட்டக்காரரின் பெயர் நம்மூரில் அதிகம் தெரிவதில்லை. சிறுவயதில் மரத்திலிருந்து விழுந்து இடது முழங்கை முறிந்தவர். அந்தக் கை அவருக்குக் கடைசிவரை நேராக நிமிரவே இல்லை. கோல்ஃப் மட்டையை அவர் முதன்முதலில் கையில் எடுத்ததே 23 வயதில். அந்த மடங்கிய கையோடு தொழில்முறைச் சுற்றில் 12 போட்டிகளை வென்றார். 1981 முதல் 1990 வரை தொடர்ந்து பத்து ஆண்டுகள், முதல் அடிக்கான நீண்ட மட்டையான டிரைவரால் அடித்த பந்தை ஃபேர்வேயில், அதாவது நடுவே வெட்டிவிட்ட புல்பாதையில், இறக்குவதில் அமெரிக்கச் சுற்றிலேயே முதலிடம் அவருக்குத்தான். அவர் 23 வயது இளைஞர், நான் 58 என்று நீங்கள் சொல்லலாம், சரிதான். தாமதமாகத் தொடங்கியவர்கள் என்று வழக்கமாக எடுத்துக்காட்டப்படும் லாரி நெல்சன் 21 வயதிலும், தென்கொரியாவின் ஒய். இ. யாங் 19 வயதிலும் தொடங்கியவர்கள். அந்தக் கதைகளை உங்களுக்கு ஆறுதலாகச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பீட்டை நான் கொண்டுவந்தது வேறு காரணத்துக்காக: கை எவ்வளவு மடங்கியிருக்கிறது என்பது முக்கியமில்லை, அந்த மடக்கம் வீச்சின் தொடக்கத்திலிருந்து பந்தைத் தொடும்வரை மாறாமல் இருக்கிறதா என்பதே முக்கியம். ஆரம் சிறியதாக இருக்கலாம், நடுவில் நீளக் கூடாது. உங்கள் கை வலியின்றி எந்த உயரம்வரை போகிறதோ அங்கே பின்வீச்சை முடித்துக்கொள்ளுங்கள். அது தோளுயரத்துக்குக் கீழே இருந்தாலும் சரி.

கை செய்ய முடியாததை இடுப்பு கொஞ்சம் ஈடுசெய்யும். வலது பாதத்தின் நுனியை நன்றாக வெளிப்பக்கம் திருப்பி வைத்து, அந்தப் பாதத்தை இரண்டு அங்குலம் பின்னுக்கு இழுத்துக்கொண்டால், இறுகிய இடுப்பும் ஓரளவு திரும்பும். பின்வீச்சில் இடது குதிகால் தரையைவிட்டு எழும்ப விரும்பினால் எழும்பட்டும். 18 பெரும்போட்டிகளை வென்ற ஜாக் நிக்லஸ் இளமையிலேயே அப்படித்தான் ஆடினார். நான் சிறுவனாக நீலகிரியில் ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைத் தூக்கும் கேடியாகச் சுமந்த நாட்களில் எழுபது வயதைத் தாண்டிய தேயிலைத் தோட்டக்காரர் ஒருவர் வருவார். மட்டை அவருக்கு நெஞ்சுக்கு மேலே ஏறாது. குதிகாலைத் தூக்குவார், அதைத் தரையில் ஊன்றி மிதிப்பார், பிறகே மட்டை இறங்கும். முதலில் மிதி, பிறகு அடி. வளைத்த கம்பியால் புளியங்கொட்டையை அடித்துப் பழகிய எங்களுக்கு அந்த வரிசை அப்போது வேடிக்கையாக இருந்தது. அவர் பந்தில் எழும் ஓசையை நான் இன்றும் பயிற்சிக்கு வரும் இளைஞர்களிடம் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மட்டையைப் பிடிக்கும் முறையைப் படம் இல்லாமல் எழுதுவது கடினம். மட்டை இடது உள்ளங்கையின் குறுக்கே கிடக்காமல் விரல்களின் அடிக்கணுக்களில் கிடக்க வேண்டும் என்பதையும், மேலிருந்து பார்த்தால் இடக்கையில் இரண்டு முதல் மூன்று கணுமேடுகள் தெரிய வேண்டும் என்பதையும் மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். உள்ளங்கையில் பிடிப்பவருக்கு மணிக்கட்டு உடையாமல் இருக்காது. மீதியை உங்கள் ஊர்ப் பயிற்சியாளர் ஒருவர் நேரில் பத்து நிமிடத்தில் சரிசெய்துவிடுவார்.

மருமகன் கொடுத்த மட்டைகளைப் பற்றி அவர் மனம் நோகாமல் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. மட்டையின் தண்டான ஷாஃப்ட்டில் ஒட்டியிருக்கும் பட்டையில் ‘ஸ்டிஃப்’ என்று எழுதியிருக்கிறதா, ஷாஃப்ட் எஃகா என்று பாருங்கள். எஃகு ஷாஃப்ட் பெரும்பாலும் 100 கிராமுக்கு மேல் இருக்கும். கிராஃபைட் 60 முதல் 80 கிராமுக்குள் அடங்கும். முப்பது வயது மருமகனுக்குப் பொருந்திய விறைப்பான எஃகு, இறுகிய தோளோடு மெதுவாக வீசும் உங்களுக்குப் பொருந்தாது. பந்து எழும்பாது, எழும்பாத பந்தைப் பார்த்து நீங்கள் மறுபடி தூக்கத் தொடங்குவீர்கள். ‘ரெகுலர்’ அல்லது ‘சீனியர்’ வகைக் கிராஃபைட் ஷாஃப்ட்டும், அடிப்பகுதி அகன்ற அயர்ன்களும் பழைய செட்டாகக் கிடைத்தாலே போதும். அகன்ற அடிப்பகுதி மண்ணில் புதையாமல் ஓரளவு வழுக்கும். த்ரீ அயர்ன், ஃபோர் அயர்ன், ஃபைவ் அயர்ன் மூன்றையும் வீட்டில் வைத்துவிட்டு அந்த இடத்தில் பந்தை எளிதாக எழுப்பும் ஹைப்ரிட் மட்டைகள் ஒன்றிரண்டு வையுங்கள். விதி 14 மட்டைகள்வரை அனுமதிக்கிறது என்பதற்காகப் பதினான்கையும் சுமக்க வேண்டியதில்லை. முதல் ஆண்டுக்கு எட்டு போதும்.

டிரைவர் மட்டும் இந்தக் கணக்குக்கு விலக்கு. பந்து டீ என்னும் சிறு முளையின் மேல் நிற்பதால் அங்கே மட்டை அடிப்புள்ளியைக் கடந்து லேசாக மேலேறும்போது பந்தைச் சந்திப்பதே உங்கள் வேகத்துக்கு நல்லது. பந்தை இடது குதிகாலுக்கு நேராக வையுங்கள், 12 பாகை அல்லது அதற்கும் சற்றுக் கூடுதலான சாய்வுள்ள டிரைவரைத் தேர்ந்தெடுங்கள். எடையை இடது காலில் வைத்துக்கொள்ளச் சொன்னதை டிரைவருக்கு எடுத்துச் செல்ல வேண்டாம். ஊட்டி ஆட்டம் முடியும்வரை இதற்கு மேல் அதைப் பற்றி நினைக்கவும் வேண்டாம்.

நாளுக்கு நூறு பந்து என்பதை நாற்பதாகக் குறையுங்கள். நூறு பந்தில் கடைசி அறுபது களைத்த உடம்பு அடிப்பவை. களைத்த உடம்பு கற்றுக்கொள்வது களைப்பின் ஆட்டத்தைத்தான். இரண்டு பந்துக்கு இடையே ஒருமுறை பின்னால் வந்து நின்று இலக்கைப் பாருங்கள், பந்தில்லாமல் ஒருமுறை வீசுங்கள், பிறகு அடியுங்கள். பயிற்சிக்கு நடுவே ஒரு நாளாவது இடைவெளி இருக்கட்டும். இடது முழங்கையின் வெளிப்பக்கத்தில் வலி தொடங்கினால், அது தேநீர்க் குவளையைத் தூக்கும்போதும் தெரிந்தால், அன்றே விரிப்பை விட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அந்த வலியோடு அடித்துப் பழகியவர்கள் ஆறு மாதம் உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். தோளுக்குச் சிகிச்சை அளித்தவரிடம் மேலே சொன்ன பின்வீச்சு உயரத்தைக் காட்டி ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். பதினெட்டுக் குழிகளை நடந்து ஆடினால் எட்டிலிருந்து பத்து கிலோமீட்டர் ஆகிவிடும். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்பவர் பையில் பிஸ்கட்டோ குளுக்கோஸோ இல்லாமல் கிளம்பக் கூடாது.

முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். பந்து எவ்வளவு தூரம் போகும் என்பதில் உங்கள் வயதில் பெரிய மாற்றம் எதையும் நான் வாக்களிக்கமாட்டேன். அது வேகத்தின் கணக்கு. சுத்தமாகப் படுவதற்கு வேகம் தேவையில்லை, அடிப்புள்ளி ஒரே இடத்தில் விழுந்தால் போதும். கோலமாவுக் கோட்டோடு வாரம் மூன்று நாள் உட்கார்ந்து வேலை செய்தவர்களுக்கு ஆறிலிருந்து எட்டு வாரத்தில் மாற்றம் தெரியத் தொடங்குவதை என் பயிற்சியில் கண்டிருக்கிறேன். அரை வீச்சில் அது கைவந்த பிறகே முக்கால் வீச்சுக்குப் போங்கள். முழு வீச்சு உங்களுக்குத் தேவைப்படாமலே போகலாம்.

ஊட்டி மைதானம் வென்லாக் புல்வெளியின் மேடுபள்ளங்களில் அமைந்தது. சமதளத்தில் பந்து நிற்கும் இடம் அங்கே குறைவு. இறக்கத்தில் நிற்கும்போது மட்டை பந்துக்கு முன்பே மேட்டில் மோதும் என்பதால், பந்தை மேட்டுப் பக்கத்துப் பாதத்துக்கு அருகில் வருமாறு நின்றுகொண்டு, தோள்களைச் சரிவுக்கு இணையாகச் சாய்த்து, சரிவோடு கீழ்நோக்கியே வீசுங்கள். ஏற்றத்திலும் விதி அதுவே: உயரமாக இருக்கும் பாதத்துக்கு அருகில் பந்து. பந்து உங்கள் பாதங்களைவிட உயரமான இடத்தில் கிடந்தால் அது இடப்பக்கம் வளையும், ஆகவே சற்று வலப்பக்கம் குறிவையுங்கள். மட்டையையும் ஓரங்குலம் கீழே பிடியுங்கள். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலான உயரத்தில் இருப்பதால் காற்றின் அடர்த்தி குறைவு. கோவையில் செவன் அயர்ன் போகும் தூரம் அங்கே பிற்பகலில் எய்ட் அயர்னுக்கே போகும். குளிர்ந்த விடியற்காலையில் அந்த ஆதாயம் கொஞ்சம் குறையும், ஆகவே முதல் சில குழிகளில் மட்டையை மாற்ற அவசரப்பட வேண்டாம். அங்கே ஓரங்களில் மஞ்சள் பூப்பூக்கும் முட்புதர்கள் உண்டு. பந்து அதற்குள் போனால் கையை விட்டுத் தேடாதீர்கள். சர்க்கரை உள்ளவருக்கு முள் குத்திய விரல் ஆறப் பல நாளாகும். பந்து கண்ணுக்குத் தெரிந்தால் ஆட இயலாத பந்து என்று அறிவித்து, ஒரு தண்டனை அடியை ஏற்றுக்கொண்டு, குழிக்கு நெருங்காமல் இரண்டு மட்டை நீளத்துக்குள் இறக்கி ஆடலாம். தெரியாவிட்டால் முன்பு அடித்த இடத்துக்கே திரும்பிப் போய் அதே தண்டனையோடு இன்னொரு பந்தை அடியுங்கள்.